ஆளுக்கு இரண்டு வரி

ரோணிக்கத்தின் உயிரை ஆண்டவர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார், குரல்தான் போய்விட்டது. இனி எழுத்துதான் அவளுக்குப் பேச்சு. மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பக்கம் நிறைய எழுதிக் கணவரிடம் நீட்டினாள்.

சவரிமுத்துவின் கணினிக் கண்ணாடி, எந்த எழுத்தையும் ஓரிரு வரியாகச் சுருக்குவதுபோல அதையும் சுருக்கிக் காட்டியது: "நலம். வீட்டைக் கவனிக்கவும்."

அவள் கண் கலங்குவதைக் கண்டு கண்ணாடியைக் கழற்றினார். எழுத்து தெளிவாகத் தெரிந்தது. சுருக்கத்துக்கே பழகிய மனம் மூன்றாவது வரியில் எங்கேயோ நழுவிப் போனது.

"யம்மா, நீ கொஞ்சம் வாசியேன்" என்றார், அதேபோலக் கண்ணாடி போட்டிருந்த நர்சிடம்.

"எனக்கும் ரெண்டு வரிக்கு மேல ஓடாது அண்ணாச்சி. ஆளுக்கு ரெண்டு வரியா வாசிப்பமா?"

மாறி மாறி வாசித்துக் கடைசி வரிக்கு வந்தபோது அவருக்கு முதல் வரி மறந்திருந்தது.

"ஏட்டி, கோவப்படாத. மொதல்ல என்ன எழுதியிருந்த?"

ரோணிக்கம் கோபப்படவில்லை. அவர் விரலைப் பிடித்து முதல் வரியின்மேல் வைத்தாள்.