மூணாவது போல்ட்

மகிமா, கட்டின புருஷனுடைய காரிலிருந்தே ஒரு போல்ட்டைத் திருடினாள்.

ஜாஸ்பர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து, கிண்ணத்தில் கிடந்த நாலு போல்ட்டில் ஒன்றை எடுத்துப் பிள்ளையின் சாக்ஸுக்குள் சுருட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

வேறென்ன செய்வாள்? நாளைக்குக் கைப்பிள்ளையோடு போடிமெட்டு ஏறிப் பூப்பாறை போக வேண்டும். அங்கேதான் அவள் அம்மா வீடு. பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்க வேண்டுமே! ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மிதித்தால் பிடிக்க வேண்டிய பிரேக்கை, வாசலில் குத்தவைத்து, செல்போனில் வீடியோ பார்த்து மாற்றிக்கொண்டிருக்கிறான் ஏலக்காய்க் கடைக்கார ஜாஸ்பர்.

பின்சக்கரத்து டிஸ்க் பிரேக் பேட் தேய்ந்து கிறீச்சிட்டது. மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் தீர்ந்தது. மகிமாவின் அண்ணன் விஜய்ராஜ் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாயை வைத்ததுதான் வினை.

"மாப்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கு? ஏலக்கா பொறுக்குற கைக்கு பிரேக்கு எம்மாத்திரம்?"

அன்றைக்கே புது பேட் வாங்கிவிட்டான் ஜாஸ்பர்.

காலையிலிருந்து வீடு வீடாக இல்லை. முன்சக்கரம் உருளாமலிருக்க அடுப்படி அம்மிக்கல் வாசலுக்குப் போனது.

"ஏலே, கரண்டும் இல்ல, அம்மியும் இல்ல. சட்னிய நீயே மென்னு துப்புறியா?" என்றாள் அவன் அம்மா சொர்ணலதா.

பழைய பேட்டைக் கழற்றினான். புதுசு தடிமன். பேட்டைத் தள்ளுகிற பிஸ்டன் உள்ளே போனால்தான் அது உட்காரும். இடியாப்ப உரலைக் கொடுத்து அமுக்கிப் பார்த்தான். உரலின் கைப்பிடி கையோடு வந்தது.

"அமுக்கக் கூடாதாம்மா. பின்பக்கத்து பிஸ்டனத் திருகித்தான் உள்ள தள்ளணுமாம். வீடியோவுல இப்பத்தான் சொல்றாக."

"மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லித்தான் இருக்காக. நான் நடுவுல தள்ளிவிட்டுட்டுப் பாத்துட்டேன்."

மகிமா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போல்ட்டில் கை வைத்தது அதற்கப்புறம்தான்.

ஒருவழியாகப் பிஸ்டன் திரும்பியது. பேட் உட்கார்ந்தது. அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரை மாட்டுவது மட்டும்தான் பாக்கி.

"போல்ட்டக் காணோம்!"

"ஒண்ணுதானங்க? தேடுனாக் கெடைக்கும்" என்றாள் மகிமா அவசரமாக.

"ஒண்ணா? கிண்ணத்துல இருக்கதே ஒண்ணுதான். மூணக் காணோம்!"

மகிமா விழித்தாள். ஜாஸ்பரும் பேயறைந்த மாதிரிதான் நின்றான்.

பக்கத்து வீட்டுப் பவுனு வளர்க்கும் கோம்பை நாய் வந்து கிண்ணத்தை மோந்தது.

"இதுதான் முழுங்கியிருக்கு!" என்று பாய்ந்தான் ஜாஸ்பர்.

பவுனு ஓடி வந்தாள். "எங்க நாயி கறிச்சோத்தையே மோந்து பாத்துத்தான் திங்கும். அதா இரும்பத் திங்குது?"

"வயித்தத் தொட்டுப் பாருங்கக்கா, கெட்டியா இருக்கு."

"அது செனையா இருக்குய்யா!"

"எதுக்கும் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு எக்ஸ்ரே எடுத்துருவோம்."

நிஜமாகவே கயிறு எடுக்கக் கிளம்பிவிட்டான். வாயும் வயிறுமான நாய், என்ன ஏது என்று தெரியாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. மகிமாவால் பொறுக்க முடியவில்லை.

"அத விடுங்க. ஒரு போல்ட்டு எங்கிட்ட இருக்கு."

"இன்னொண்ணு இங்கன இருக்கு" என்று மாமியார் பைபிள் பையைத் திறந்தாள். "பிள்ள போற வண்டிய்யா. ஜெபம் பண்ணிப் பாத்தேன். அப்பயும் மனசு ஒப்பல."

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகிமா இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

ஜாஸ்பர் அதையே பிடித்துக்கொண்டான்.

"பெத்தவளும் நம்பல, கட்டினவளும் நம்பல. வீட்டுலயே இப்பிடின்னா ஊர்ல எவன் என்னய நம்புவான்? காலையில இருந்து எம்மேல நம்பிக்கை வச்சு பக்கத்துல ஒக்காந்திருந்தது அந்த நாயி ஒண்ணுதான்!"

"அதையுந்தான எக்ஸ்ரே எடுக்கக் கெளம்புன?" என்றாள் பவுனு.

"அது கெடக்கட்டும். மூணாவது எங்க?"

மாமியார் சத்தியம் பண்ணவில்லை, பைபிளில் அதற்கு இடமில்லை என்றாள். மகிமா பிள்ளை தலையில் கை வைக்கப் போனாள், மாமியார் கையைத் தட்டிவிட்டாள். வாசல், சாக்கடை, அம்மிக்கு அடி என்று தேடியும் மூணாவது கிடைக்கவில்லை.

"அது இல்லாம வண்டி நகராது. இனி மெக்கானிக்குதான். உங்க ரெண்டு பேரால எம்மானம் போச்சு!" என்று கத்திக்கொண்டே போனை எடுத்தான் ஜாஸ்பர்.

மகிமா அழுதேவிட்டாள்.

மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தான். புது போல்ட் போட்டு முடுக்கினான். பெடலை மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டு, தெருக்கோடி வரை ஓட்டி வந்தான்.

"எல்லாம் சரியாத்தாண்ணே மாட்டியிருக்கீக. நானே போட்டாலும் இப்பிடித்தான்."

ஜாஸ்பர் பெண்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான். மகிமாவுக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. நல்லாத் தெரிஞ்ச வேலையைச் செய்கிற மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

கிரீஸ் படிந்த அவன் சட்டையை ஊறவைக்க எடுத்தாள். பை கனத்தது. உள்ளே கைக்குட்டை, சத்தம் வராதபடி இறுக்கி முடிச்சுப் போட்டு. அவிழ்த்தாள்.

மூணாவது போல்ட்.

"அந்த இன்னொண்ணயும் நீதான எடுத்த? மறைக்காமச் சொல்லிருத்தா" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் மாமியார்.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் சட்டென்று நின்றது.

"ஆமாத்தே" என்றாள் மகிமா, உள்ளே கேட்கும்படி உரக்க. "அதையும் நாந்தான் எடுத்தேன்."