கடல்மேல் மேகம் இல்லையா?

"நோ ஹேவ் கிளவுட்!"

"ஐயோ ஜெனிவால்டோ, மேகம் என்ன நீங்க வளக்கிற ஆடா, வச்சிருக்கறதுக்கு? 'தேர் இஸ் நோ கிளவுட்'. எங்க, சொல்லுங்க!" என்றார் மரினேஸ் டீச்சர்.

மாலை ஆங்கில வகுப்பு சிரித்தது. "ஆடும் பாதிக்கு மேல செத்துப் போச்சு டீச்சர்," என்றாள் பக்கத்தில் இருந்த அவன் மனைவி லிந்தால்வா.

அன்று சூசையப்பர் திருநாள். பிரேசிலில், சியாரா மாநிலத்தின் வறண்ட உள்நாட்டில் அன்றைக்கும் மழைக்குறி தெரியாவிட்டால் அந்த வருஷம் வானம் பொய்த்தது என்றே முடிவு கட்டுவார்கள். விதைப்பதா, ஊரை விட்டு சாவோ பாவ்லோவுக்குப் போவதா என்பதை ஜெனிவால்டோ இன்று தீர்மானித்தாக வேண்டும்.

மேசையில் வானொலிக் கருவி கரகரத்தது. வெகு தொலைவிலிருந்து ஒரு பெண்ணின் குரல் சில நிமிடங்களே எட்டும். அவளுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம்.

லிந்தால்வா முந்திக்கொண்டாள். "இஸ் தேர் நோ பிரெட்?"

ரொட்டி இல்லை, மழை இல்லை, காற்றும் வீசாது என்று சிரிப்போடு பதில் வந்தது.

"அடிப்பாவமே! நம்ம ஊரே தேவலாம் போல," என்றாள் லிந்தால்வா.

ஜெனிவால்டோ தொப்பியைக் கழற்றிவிட்டு மைக்கை வாங்கினான்.

"இஸ் தேர் நோ கிளவுட்... ஓவர் த சீ?"

கரகரப்பு. பிறகு குரல்: "தேர் இஸ் நோ கிளவுட் ஓவர் யூ."

இத்தனை நாள் நாக்கில் ஏறாத வாக்கியம், இப்போது நேராக நெஞ்சில் இறங்கியது.

"வாய்யா, போய் மூட்டை கட்டுவோம்," என்று முணுமுணுத்தாள் லிந்தால்வா.

"இருங்க, இன்னும் பேசறாங்க!" டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டார். "கடல்மேல இருக்காம்! கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளையா... நம்ம கரையப் பாத்துதான் வருதாம்!"

குரல் தேய்ந்து மறைந்தது.

"விதைச்சிருவோம்டி," என்றான் ஜெனிவால்டோ. பிறகு மெதுவாகக் கேட்டான்: "அந்தம்மா இப்ப எங்க இருப்பாங்க டீச்சர்?"

"ஆப்பிரிக்காவ நெருங்கியிருப்பாங்க."

"அதுக்குள்ளயா!"

அவன் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். துடைத்துவிட்டாற்போல நீலமாகக் கிடந்த அந்த வானத்துக்கும் மேலே, விண்வெளி நிலையத்தில் மிதந்தபடி, சற்று முன்புதான் அவள் இந்தக் கூரையைக் கடந்து போயிருந்தாள்.