தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்த சக்கரம்

விடுமுறைகளில் பழைய கடிகாரங்களைச் சரிசெய்வது எனக்குப் பொழுதுபோக்கு. 2004-இல் முதுநகர் சைதுன் பீவி வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் பாதி தேய்ந்த பற்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நானே பல் வெட்டிய புதியதைப் பொருத்தினேன். பழையதை என் வழக்கப்படி தீப்பெட்டியில் போட்டு அவரிடமே கொடுத்தேன்.

எட்டு வருடம் கழித்து, அந்தக் கடிகாரத்துக்கு எண்ணெய் போடச் சிதம்பரத்திலிருந்து போனேன்.

"ஒரு நாளும் நிக்கல தம்பி. 'தானே' புயல்ல பத்து நாளு கரண்ட் இல்ல. இத பாத்துதான் என்னப் பெத்த அத்தாவுக்கு மருந்து குடுத்தேன். நீங்க நல்லா இருக்கணும்," என்றார்.

திறந்து பார்த்தேன். புதுச் சக்கரத்தின் பற்கள் நேற்று வெட்டியவை போலக் கூராக இருந்தன. பழையதைக் கேட்டேன். பீரோவிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தார்.

உள்ளே ஒரு பல்கூட இல்லாத வட்டத் தகடும், சுற்றிலும் பித்தளைத் தூளும் இருந்தன.

எண்ணெயின் முதல் சொட்டை அந்தத் தகட்டுக்கு விட்டேன்.