வாசலில் படுத்தவள்

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன். பாத்மா அக்கா மறுபடியும் வாசல்ல படுத்துட்டாங்க!"

என் வீட்டுக்காரர் டீக் கிண்ணத்தோடு வந்து வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

பட்டப்பகல். பக்கத்து வீட்டு வாசற்படிக்குக் குறுக்கே மெத்தையை விரித்து, காலை நீட்டிப் படுத்திருந்தாள் பாத்மா. ஜன்னலில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்து மறைந்தது.

"அடப்பாவமே! இன்னொரு பொண்ணைத் தூக்கிட்டு வந்துட்டாங்களா?"

வேறென்ன? எங்கள் நாரின் மலைப்பக்கத்தில் கல்யாணத்துக்கென்று பெண்ணைத் தூக்கி வந்தால், அவள் ஓடிவிடாமலிருக்க அந்த வீட்டுக் கிழவி வாசலில் குறுக்கே படுத்துவிடுவாள். பெரியவர்களைத் தாண்டினால் ஏழு தலைமுறைக்கு ஆகாது. எந்தப் பெண்ணும் தாண்ட மாட்டாள். பாத்மா இப்படிப் படுத்துத்தான் ஜூராவை மருமகளாக்கினாள். பதினாலு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. போன வருஷம் போய்ச் சேர்ந்தும் விட்டாள்.

"மகன்காரன் ரஷ்யாவுல இருக்கான். அவன் வர்றதுக்குள்ள ரெண்டாவது பொண்ணு ரெடி. இந்த வயசுலயும் புத்தி வரலை பாருங்க!"

"உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

காலையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வேறு தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. தூக்கி வந்த பயல்கள் காவல் காக்கிறார்கள் போலிருக்கிறது.

முந்தாநாள் அந்தப் பெண் துணி காயப்போட வந்தபோதே விசாரித்திருந்தேன்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?"

"மீரிம், பெரியம்மா. கொச்கோர்ல டிராக்டர் மெக்கானிக் தாலாய்பெக் பொண்ணு."

அதற்குள் பாத்மா வந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்தத் திருட்டு முழி ஒன்று போதாதா?

கொச்கோரில் என் நாத்தனார் இருக்கிறாள். ரெண்டே போனில் தாலாய்பெக்கைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணா, உங்க பொண்ணை எங்க பக்கத்து வீட்டுல அடைச்சு வச்சிருக்காங்க. நீல கேட் போட்ட வீடு. உடனே வாங்க!"

"நீங்க நல்லா இருக்கணும்மா," என்றார் மனுஷன்.

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வேலியோரம் வந்து நின்றேன். கொச்கோரிலிருந்து வர ரெண்டு மணி நேரமாவது ஆகும். ஆனால் ரெண்டே நிமிஷத்தில், அதே வெள்ளைக் கார் நீல கேட் முன்னால் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் "மீரிம்!" என்று கூப்பிட்டார்; போனில் கேட்ட அதே குரல், தாலாய்பெக். காலையிலிருந்து மகளைத் தேடித்தான் சுற்றியிருக்கிறார். பின்னாலேயே ஒரு வாட்டசாட்டமான பையன். அவன் கையில் மடித்த வெள்ளை முக்காடு. தூக்கி வந்த பெண்ணின் தலையில் கட்டுவோமே, அது.

பெண்ணை மீட்க வந்த அப்பாவோடு இது எதற்கு?

"எந்திரிங்கக்கா," என்றார் தாலாய்பெக். "மாப்பிள்ளை வந்திருக்கார். பொண்ணை அனுப்பி வைங்க."

"யாருய்யா மாப்பிள்ளை? ரெண்டு நாள் அறையில பூட்டி வச்சுப் பலவந்தம் பண்ணினவனா?"

"நடந்தது நடந்துபோச்சு. இனிமே அவளை வேற யார் கட்டுவா? வீட்டுல இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு எனக்கு."

"அதுக்காக, தப்பிச்சு ஓடி வந்தவ முகத்துல கதவைச் சாத்துவீங்களா? தனிப் பொண்ணுன்னு ஒருத்தனும் வாடகைக்கு வீடு தரலை. நாலு நாள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல கிடந்தா. அங்கேருந்துதான் கூட்டிட்டு வந்தேன். இந்த மாதிரிப் பொண்ணுங்களைச் சேர்த்துக்கற இல்லம் தலைநகர் பிஷ்கெக்குல இருக்கு. அங்க ஒரு கட்டில் காலியாகிற வரைக்கும் இங்கதான் இருப்பா."

அப்போதுதான் கவனித்தேன். பாத்மா தெருவைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பாவி, நானே வீட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டேனே!

"உங்க மருமக எப்படி வந்தான்னு ஊருக்கே தெரியும். நீங்க எங்களுக்கு நியாயம் சொல்றீங்களா?" என்றார் தாலாய்பெக்.

பாத்மா தலையை மட்டும் தூக்கினாள். "சொல்லலைய்யா. அன்னைக்கு நான் உள்பக்கம் பார்த்துப் படுத்தேன். அவ ராத்திரியெல்லாம் அழுதா. காதுல விழாத மாதிரியே கிடந்தேன்."

பையன் வாசற்படி வரைக்கும் வந்தான். ஒரு காலைத் தூக்கினான். அப்படியே கீழே வைத்துவிட்டான். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் திரும்பினான்.

"மாமா, மாட்டுக் கொட்டகை வழியா இன்னொரு கதவு இருக்குமே?"

இருக்கத்தான் இருக்கிறது. அதற்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. பாத்மா எழுந்து அங்கே ஓடினால், முன்வாசல் திறந்துவிடும். உள்ளே அந்தப் பெண் ஓவென்று அலறினாள். பாத்மா படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

எனக்கு அறுபத்தொன்று முடிந்துவிட்டது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். வேலியில் ரெண்டு பலகையைப் பெயர்த்துக்கொண்டு எப்படிப் புகுந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. "ஏய், முட்டி போயிடும்டி!" என்று என் வீட்டுக்காரர் பின்னால் கத்தினார். கொட்டகைக் கதவுக்குக் குறுக்கே, சாணியென்றும் பார்க்காமல் நீட்டிப் படுத்தேன்.

பையன் வந்து நின்றான்.

"எந்திரிங்க பெரியம்மா. போன் பண்ணி வீட்டைச் சொன்னதே நீங்கதானே?"

"ஆமாண்டா, இந்தக் கேடுகெட்ட வாய்தான் சொல்லுச்சு. தைரியமிருந்தா தாண்டிப் போ!"

ஒரு பெண்ணைக் கதறக் கதறத் தூக்கிப் போனவன், கிழவியைத் தாண்டுவது மகாபாவம் என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பவ்யமாக நின்றான்.