மூணாம் நம்பர் பிரஸ்

“கேட்டு வாங்கிக்கினான், தெரியுமா? நேரா சூப்பர்வைசர் ரூமுக்குப் போயி, மூணாம் நம்பர் பிரஸ்ஸை எனக்குக் குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கினான்!”

துளசிராமன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். மனைவி கல்பனா அதைத் திரும்ப அவன் பக்கம் நகர்த்தினாள்.

“யாரு, உன் கூட்டாளி மணிகண்டனா? அந்த ஆளு அப்பிடிச் செய்ய மாட்டாரே.”

“நீயும் அவனுக்கே பேசு. இத்தினி நாளா அதுல நின்ன நான் இப்ப பேக்கிங்ல அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கினு கீறேன். போதுமா?”

கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் பிரஸ்ஸில் நிற்பவன்தான் ஆபரேட்டர். தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து இரும்பு அச்சு ‘டங்’கென்று இறங்கித் தகட்டை வெட்டும். அந்த மெஷினை விட்டு இறங்கிவிட்டால் அவனும் ஒரு ஹெல்பர்தான்.

அந்த அவமானம் ஒரு பக்கம். துளசிராமனின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது இன்னொன்று.

சில மாதங்களாக அவனுக்கு வலது கெண்டைக்காலில் சதை துடிக்கிறது. தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி. அப்புறம் தொடை, தோள், கண் இமை. சும்மா இருக்காமல் செல்போனில் தேடிப் பார்த்தான். முதலில் சதை துடிக்கும், பிறகு கை கால் சூம்பும், பேச்சு போகும், கடைசியில் மூச்சும் போகும் என்று ஒரு நரம்பு வியாதியை அது எடுத்துக் காட்டியது. அன்றிலிருந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குதிகாலால் நடந்து பார்ப்பான். டெய்லர் டேப்பால் இரண்டு காலையும் மாற்றி மாற்றி அளப்பான்.

கம்பெனியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. உடம்பில் கோளாறு என்று தெரிந்தால் கான்ட்ராக்டர் அன்றைக்கே கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார். யூனிஃபார்ம் மாற்றும்போதுகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். கெண்டைக்கால் பின்பக்கம் இருக்கிறது என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

ஆடாமல் அசையாமல் இருக்கிற உடம்பு யாருடையதைப் பார்த்தாலும் அவனுக்குப் பொறாமை. அதிலும் மணிகண்டனைப் பார்த்தால் தாங்காது. பொன்னேரியில் ரயில் ஏறினால் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவான் அந்த ஆள். எழுப்பித்தான் இறக்க வேண்டும். இவனுக்கு எதற்கு இவ்வளவு நல்ல உடம்பு என்று துளசிராமனுக்கு வயிறு எரியும். இப்போது மெஷினும் அவனுக்கே போய்விட்டது.

மறுநாள் கேன்டீனில் வலியப் போய் எதிரே உட்கார்ந்தான்.

“இன்னா மணி, புது மெஷினு எப்பிடி கீது?”

“கீதுப்பா.” மணிகண்டன் நிமிரவில்லை.

“ஆசைப்பட்டு வாங்குனதாச்சே. நல்லாத்தான் இருக்கும்.”

“ஊடு கட்டணும். இன்சென்டிவ் வந்தா ஆவும்னுதான் கேட்டேன்.” கூசாமல் சொன்னான். எழுந்து போகும்போது மட்டும், “உடம்பைப் பாத்துக்க துளசி. ஒரு நல்ல டாக்டராப் பாரு” என்றான்.

துளசிராமனுக்குச் சுரீர் என்றது. அப்படியானால் இவனுக்குத் தெரிந்திருக்கிறது! போட்டுக் கொடுத்துத்தான் மெஷினை வாங்கியிருக்கிறான். பாவி!

அந்த வாரமே கல்பனா அவனைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நரம்பு டாக்டர் சுத்தியலால் முட்டியைத் தட்டினார். ஊசி குத்தி டெஸ்ட் எடுத்தார். அப்புறம் சிரித்தார்.

“நீங்க பயப்படுற வியாதி உங்களுக்கு இல்ல. பலம் எங்கயும் குறையல. சதை துடிக்குது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள் துடிக்கும், துடிச்சிட்டுப் போகட்டும். நீங்க தூங்காம, டீயாக் குடிச்சுப் பயந்து பயந்து அதை வளர்த்திருக்கீங்க.”

“கால்ல பெடல் மிதிக்கிற வேலை டாக்டர்.”

“தாராளமா மிதிங்க.”

திரும்பி வரும்போது ரயிலில் அழுதான். அழுது முடித்து முகத்தைத் துடைத்ததுமே மணிகண்டன் ஞாபகம் வந்துவிட்டது.

காலையில் நேராக சூப்பர்வைசர் இராமலிங்கத்தின் முன் போய் நின்றான்.

“சார், எனக்கு ஒரு வியாதியும் கெடையாது. பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. மணிகண்டன் பேச்சை நம்பி என்னை மெஷின்லேர்ந்து தூக்கிட்டீங்களே, நியாயமா?”

இராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

“வியாதியா? யாருக்குய்யா?”

“எனக்குத்தான் சார். கால் துடிக்குதுன்னு அவன் உங்ககிட்ட வத்தி வைக்கல?”

“அவன் உன் பேச்சே எடுக்கலியே! ஊடு கட்டணும், அந்த மெஷினைக் குடுத்தே ஆவணும்னு ஒத்தக் கால்ல நின்னான். எனக்கே ஆச்சரியம்யா. நீ சேர்றதுக்கு முன்னாடி, அவங்க அண்ணன் வெரலு அந்த மெஷின்லதான் போச்சு. தெரியாம பெடல் அமுங்கிடுச்சு. அதுலேர்ந்து எத்தினி வாட்டி கூப்ட்டும் இவன் அது கிட்டயே வர மாட்டான்.”

துளசிராமன் வெளியே வந்தான். மூணாம் நம்பர் வரைக்கும் நடந்து போவதற்குள் வெட்கத்தில் காது சுட்டது.

அவனைப் பார்த்ததும் மணிகண்டன் மெஷினை நிறுத்தினான்.

“நேத்து லீவு போட்டியே, டாக்டரப் பாத்தியா? இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் இல்லியாம்டா. பெடல் மிதிக்கலாமாம்.”

“கால் துடிக்கிறப்பவுமா? நல்லாக் கேட்டியா?”

“நல்லாக் கேட்டுட்டேன்.”

மணிகண்டன் கையுறையைக் கழற்றி அவன் கையில் வைத்தான். உள்ளே நனைந்து ஈரமாயிருந்தது.

“அப்பாடா! நீயே நில்லுப்பா. தெனம் இது முன்னால வந்து நின்னாலே எனக்கு ஒடம்பு முழுக்க ஒதறுது.”