கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"ஊர் பாக்கறதுக்குக்கூட மாப்ள நாள் குறிச்சுக் குடுத்திருக்காரு பாரு," என்று சிரித்தான் கபிலன்.

சிங்கப்பூரை உயரத்திலிருந்து பார்க்க எந்தெந்த இடம் தோது என்று தங்கை யாமினியின் கணவன் சின்னராசு போனிலேயே சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை மவுண்ட் ஃபேபர் மலை. புதன்கிழமை மரினா அணைக்கட்டின் மேல் இருக்கும் புல்வெளி. ஆற்றோரம் இருக்கும் அந்த ஐம்பத்திரண்டு மாடிக் கட்டடம் மட்டும் வெள்ளிக்கிழமை. அதை மாற்றவே கூடாது.

ஆனால் வெள்ளிக்கிழமை மழை என்றது கபிலனின் போன். அவனுக்குத் தங்கை புருஷனைவிட போன் மேல் நம்பிக்கை அதிகம்.

"இன்னிக்கே அங்க போயிடுவோம்."

"அவரு வெள்ளிக்கிழமைதான்னு சொன்னாருண்ணே," என்றாள் யாமினி.

"சொல்வாரு. ஆபீஸ்ல லீவு இல்லம்பாரு, ஆபீசுக்குள்ள வெளியாள விடமாட்டாங்கம்பாரு. நாமளும் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

கபிலன் மனைவியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற வந்ததாகத்தான் பேர். திருச்சியில் விமானம் ஏற்றும்போது அப்பா சொல்லி அனுப்பிய வேலை வேறு. "அவன் ஆபீசக் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுடா." யாமினியின் காதில் விழட்டும் என்றே சொன்னார். கூலிக்காரன் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தோமே என்ற ஆற்றாமை அவருக்கு இன்னும் தீரவில்லை. சிங்கப்பூரில் ஆபீஸ் வேலை என்ற ஒன்றுதான் மூன்று வருடமாக அவர் வாயை அடைத்து வைத்திருந்தது.

தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் இட்லி சாப்பிட்ட கையோடு எம்ஆர்டி ரயில் ஏறினார்கள்.

மேல் மாடியில் நாலு பக்கமும் கண்ணாடி. கபிலனின் மனைவி வர்ஷா வாயைப் பிளந்தாள். "என்னங்க, பஸ் ஸ்டாண்டுல பஸ் நிக்கற மாதிரி கடல்ல கப்பலு நிக்குது!"

"வா, ஒரு போட்டோ எடுப்போம். யாமினி, நீயும் வா."

கபிலனும் வர்ஷாவும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கபிலன் போனை உயர்த்திப் பிடித்தான். அவர்களை நோக்கி வந்த யாமினி பாதியில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"கீழ போயிடலாம்."

"இப்பதானடி ஏறினோம்?"

"தல சுத்துது அண்ணி. இப்பவே போகணும்."

வர்ஷாவின் கையைப் பிடித்துத் திரும்பவிடாமல் இழுத்துக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"தல சுத்தறவங்க கீழயே உக்காந்திருக்கலாம்ல? இவ்வளவு தூரம் வந்து, நல்லா ஒரு தடவ பாக்க விடல," என்று லிஃப்ட் நெடுகப் பொரிந்தாள் வர்ஷா. கபிலன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணனுக்கு நல்ல கோபம் என்று யாமினி நினைத்துக்கொண்டாள்.

கீழ்த்தளக் கழிவறையில் முகத்தைக் கழுவியபோதும் மேலே பார்த்ததே அவள் கண்ணுக்குள் நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கயிற்றில் தொங்கிய தொட்டிலில் நின்று கட்டடத்தைக் கழுவிக்கொண்டிருந்தது சின்னராசு. தலையில் ஹெல்மெட், கழுத்துக்கு இறக்கிவிட்ட முகத்துணி. காற்றில் தொட்டில் ஆடியது. அவன் நேராக அவளைத்தான் பார்த்தான். ஆனால் வெயிலில் நிற்பவனுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. அவள் முகம் இருந்த இடத்தில் நுரையைத் தேய்த்தான்.

வெள்ளிக்கிழமை எதற்கு என்று இப்போது புரிந்தது. அதற்குள் இந்தக் கட்டடத்து வேலை முடிந்திருக்கும்.

அண்ணன் பார்த்திருக்க மாட்டான், முதுகைக் காட்டித்தானே நின்றான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் பார்த்திருந்தால் அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். சின்னராசு அதன்பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

சாயங்காலம் தேக்கா சாப்பாட்டுக் கடைக்குச் சின்னராசு வந்தான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. பையில் பேனா.

"மீட்டிங் லேட்டாயிடுச்சு மச்சான். சாப்பிடுங்க லா," என்றான், சிங்கப்பூர்ப் பேச்சு ஒட்டிக்கொண்ட வாயில்.

"நாங்க இன்னிக்கே அந்த உசரக் கட்டடத்துக்குப் போயிட்டோம்ணே," என்றாள் வர்ஷா.

தே தாரிக் டீ டம்ளர் அவன் வாய்க்குப் போகாமல் நின்றது. "மே... மேல ஏறினீங்களா?"

"ஏறினோம். உங்க வீட்டுக்காரிக்குத் தல சுத்திருச்சு. ஒரே ஒரு போட்டோதான் எடுத்தோம். என்னங்க, அத எடுங்க, அண்ணனுக்குக் காட்டுவோம்."

யாமினிக்கு அப்போதுதான் உறைத்தது. எடுத்தது செல்ஃபி. முதுகுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் அதில் விழுந்திருக்குமே!

"அது சரியா வரல," என்றான் கபிலன், இலையிலிருந்து நிமிராமல். "அழிச்சுட்டேன்."

அப்போது அவன் போன் அடித்தது. வீடியோவில் அப்பா. எடுத்த எடுப்பில் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "மாப்ள ஆபீசப் பாத்தியாடா?"

சின்னராசு தலையைக் குனிந்துகொண்டான்.

கபிலன் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். சோப்புத் தண்ணீரில் வெடித்துப் போயிருந்த அவன் கையை மேசைக்கு அடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துச் சொன்னான்:

"பாத்தேம்பா. அம்பத்திரண்டாவது மாடி. நம்ம குடும்பத்துல ஒருத்தரும் அவ்வளவு உசரத்துல நின்னு வேலை பாத்ததில்ல."