ரெண்டு மாசம் ஆப்சென்ட்

"போனைக் கூடையில போடும்மா."

"வேணாம் அண்ணா."

சனிக்கிழமை சாயங்காலம். சபைக்குப் பின்னால் இருக்கும் மாடி அறையில் எங்கள் வாலிபர் கூட்டம். இருபது பிள்ளைகளில் பத்தொன்பது பேர் போனைப் போட்டாயிற்று. இவள் ஒருத்திதான் முரண்டு.

கூடை என் மனைவி துணி போடும் பிளாஸ்டிக் கூடை. சட்டம் என்னுடையது. கூட்டம் முடியும்வரை எல்லார் போனும் அதற்குள்தான். என் போன் மட்டும் என் சட்டைப் பையில். தலைவருக்கு அவசர அழைப்பு வருமில்லையா? இதுவரை வந்தது ஒன்றே ஒன்றுதான். கூடையைத் திருப்பிக் கேட்டு மனைவி கூப்பிட்டது.

அண்ணா என்கிறார்களே, சின்னப் பையன் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வயசு நாற்பத்தாறு. மீசைக்கு மை.

இவளுக்கு நாங்கள் வைத்த பேர் டவர். எப்போதும் ஜன்னலோர நாற்காலிதான், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பாடும்போதும் போன் மடியில். ஜெபிக்கும்போதும் மடியில். எட்டு வாரமாக இதே கூத்து.

"அப்படி யாரும்மா அந்தப் பக்கம்? ஆண்டவரைவிடப் பெரிய ஆளா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் ஜோக்குக்கு நானும் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன். டவர் தலையைக் குனிந்துகொண்டாள்.

இவளை அப்புறம் கவனிக்கலாம் என்று வருகைப் பதிவு நோட்டைத் திறந்தேன். பேர் வாசிக்க வாசிக்க, "உள்ளேன் அண்ணா, உள்ளேன் அண்ணா" என்று வந்துகொண்டிருந்தது. ஒரு பேரில் நின்றேன்.

பாட்டுக்காரி. பதினாறு வயசு. எங்கள் பாடகர் குழுவே அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடும். பரீட்சையில் ரெண்டு பாடம் போய்விட்டது. அன்றைக்கு அறைக் கதவைச் சாத்தியவள்தான். பெற்ற அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை பேசுவதில்லை. ராத்திரி முழுக்க அறையில் லைட் எரிகிறதாம். பிள்ளை ஏதாவது பண்ணிக்கொள்வாளோ என்று அந்த அம்மா ஞாயிறுதோறும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழும்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை வீட்டுக்குப் போனேன். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று விடாமுயற்சியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். கதவு திறக்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது ஆண்டறிக்கை நேரம். வராதவள் பேரை எடுத்துவிட்டால் வருகை நூற்றுக்கு நூறு. போதகர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கலாம். அன்றைய என் பிரசங்கச் செய்தியின் தலைப்பு 'காணாமற்போன ஆட்டைத் தேடு'. மூணு பக்கம்.

"ரெண்டு மாசம் ஆப்சென்ட். பேரை அடிச்சிடலாம்," என்று பேனா மூடியைக் கழற்றினேன்.

"அடிக்காதீங்க அண்ணா!"

டவர் எழுந்து நின்றிருந்தாள்.

"ஏன், அவ வர்றாளா?"

"ஆமா. ஒரு வாரம்கூட விட்டதில்ல."

"எங்கே? நாற்காலிக்கு அடியில உட்கார்ந்திருக்காளோ?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் பாட்டுக்காரியின் பேர். பதினெட்டு நிமிஷமாக அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை ஆனா கூப்பிட்டுருவேன் அண்ணா. எடுப்பா. பேச மாட்டா. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்கும். அது கேட்டாப் போதும்னு வெச்சிருக்கேன்."

அப்படியானால், பேரை அடிச்சிடலாம் என்று நான் சொன்னதும் அந்தப் பிள்ளையின் காதில் விழுந்திருக்கும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா நீங்க மறுபடியும் போய்க் கதவு முன்னாடி பேசுவீங்களேன்னு பயம்."

நியாயமான பயம்தான்.

"இன்னொண்ணு அண்ணா. தப்பா நினைச்சுக்காதீங்க." கொஞ்சம் தயங்கினாள். "அவளுக்கு ராத்திரி தூக்கமே இல்ல. ஆனா நீங்க செய்தி ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் மூச்சு மாறிடும். லேசா குறட்டை கேட்கும். நீங்க முடிக்கிற வரைக்கும் நல்லாத் தூங்குவா."

இருபது வருஷ ஊழியத்தில் என் செய்தியால் ஒருத்திக்கு ஆறுதல் கிடைத்ததென்று இன்றைக்குத்தான் கண்கூடாகத் தெரிந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

என் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டேன். டவர் தன் போனிடம், "ஸ்பீக்கர் போடட்டுமாடி?" என்று கேட்டாள். பதில் இல்லை. ஆனால் அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. போட்டு, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பேனாவை மூடிவிட்டு, அந்தப் பேரை மறுபடி வாசித்தேன்.

மின்விசிறிதான் கிறீச்சிட்டது. அடுத்த பேருக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒருத்தருக்காக நான் காத்திருந்தது அதுவே முதல் தடவை.

போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"உள்ளேன் அண்ணா."

டவர் ஓவென்று அழுதுவிட்டாள். நான் மட்டும் என்னவாம்.

அன்றைக்கு அந்த மூணு பக்கத்தையும் ஒரு வரி விடாமல், சத்தம் போடாமல், மெதுவாக வாசித்தேன். பிள்ளை தூங்கணுமே!